வேப்பமரத்துக் கப்பலும் இணுவில் பிள்ளைகளும்

இணுவிலில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் கடல் தெரியாது. செம்மண் தோட்டம், வாழை, பனை வரிசை, கந்தசுவாமி கோயில் கோபுரம் இவைதான் தெரியும். வடக்கே காங்கேசன்துறை, தெற்கே பண்ணை. இரண்டுக்கும் நடுவில், கடல் தன் காற்றை மட்டும் அனுப்பி வைக்கிற ஊர் இது. தவிலுக்குப் பேர்போன ஊர், புகையிலைக்கும் சுருட்டுக்கும் பேர்போன ஊர். கப்பலோடு இதற்குத் தொடர்பு எதுவும் இல்லை என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

ஆனால் காற்றின் பெயர்களை இந்த ஊர்ப் பிள்ளையும் கடற்கரைப் பிள்ளை அளவுக்கு அறிந்துதான் வளர்ந்தது. வைகாசியில் தொடங்கிச் செம்புழுதியை வாரி முகத்தில் அடிப்பது சோழகம். மாரி மழையோடும் பனியோடும் வருவது வாடை. இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் வருவது கொண்டல். புகையிலைக் கன்று நடுவதும் வேலி அடைப்பதும் பொங்கலுக்குப் பட்டம் ஏற்றுவதும் அந்தக் கணக்கில்தான் நடந்தன. எங்கள் அப்பு துலா மிதித்தவர். கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து இறைக்க, அவர் கிணற்றடித் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடப்பார். மரம் தாழ்வதும் எழுவதும் அவர் பாதத்தின் கணக்கு. காற்றுப் பலத்த காலையில் ஏறுமுன் ஒருகணம் நின்று, முகத்தைத் திருப்பி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வார். பாய்க்கப்பலில் பாய் தொங்கும் குறுக்குமரமான பருமலில் நின்று பாய் சுருட்டும் மாலுமியைப் பற்றிப் பல வருடங்கள் கழித்து வாசித்தபோது, எனக்கு அப்புவின் பாதம்தான் கண்ணுக்குள் வந்தது.

அந்த வாசிப்புக்குக் காரணம் ஒரு கப்பல். பெயர் அன்னபூரணி அம்மாள். 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டது. நீளம் 89 அடி, அகலம் 19 அடி. இரண்டு பாய்மரம். முன்மரத்தில் குறுக்கே விரியும் சதுரப் பாய்கள், பின்மரத்தில் நெடுக்காக விரியும் பாய். ஆங்கிலேயர் பிரிகன்ரைன் என்று சொல்லும் வகை. இந்தக் கப்பல் 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் குளொஸ்ரர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. வல்வெட்டித்துறைக்காரருக்கு இந்தக் கதை மனப்பாடம். பெருமையாகச் சொல்வார்கள், சொல்ல உரிமையுள்ளவர்கள். நான் இதைத் திரும்பச் சொல்வது வேறொரு காரணத்துக்காக. அந்தக் கப்பல் போய்ச் சேர்ந்த கரையில், கடலோடு பிறப்புத் தொடர்பு இல்லாத சாதாரண மனிதருக்கும் கடலறிவைச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் வேர்விட்டு இருந்தது. புறப்பட்ட கரையில் அது இல்லை. இன்றும் இல்லை.

கப்பல் எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

வல்வெட்டித்துறையில் கப்பல் கட்டக் கொட்டகை, தொழிற்சாலை என்று பெரிதாக எதுவும் இருக்கவில்லை. கடற்கரை மணல்தான் தளம். முதலில் ஏரா வைப்பார்கள். கப்பலின் முதுகெலும்பு அது. ஏராவிலிருந்து இரு பக்கமும் விலா எலும்புபோல வங்குகள் எழும். வங்குக்கு வளைந்த மரம் வேண்டும். நேர்மரத்தை வெட்டி வளைத்தால் நார் அறுந்து பலம் போய்விடும். இயற்கையிலேயே வளைந்த கிளையாகத் தேடிப் பிடிப்பதுதான் கப்பல் கட்டும் மேத்திரியாரின் முதல் வேலை. அன்னபூரணிக்கு வேப்பமரம். எங்கள் வளவுகளில் கோடிப்புறத்தில் நிற்கிற அதே வேம்பு. கரையான் அண்டாத கசப்பு மரம் உப்புத் தண்ணீரிலும் உழுத்துப்போகாது என்பது அவர்கள் கண்ட உண்மை.

பலகை அடித்து முடிந்தபின் செய்கிற வேலைக்குக் கலப்பத்து என்று பேர். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் நூலளவு இடைவெளி எப்போதும் இருக்கும். பஞ்சைத் திரியாக முறுக்கி, அந்த இடைவெளியில் வைத்து, மழுங்கிய உளியாலும் மரச் சுத்தியலாலும் தட்டித் தட்டி இறக்குவார்கள். அதிகம் இறக்கினால் பலகை விலகும், குறைந்தால் தண்ணீர் வரும். எது போதும் என்பதைச் சுத்தியலின் சத்தம் சொல்லும். திரி தளர்வாக இருக்கும்போது சத்தம் மந்தமாக வரும். இறுகிவிட்டால் கணீர் என்று வரும். தவில்காரன் வார் இழுத்துச் சுதி பார்ப்பது போன்ற காது அது. இணுவில்காரனுக்கு அதை வேறு விளக்கத் தேவையில்லை. அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிப் பூசுவார்கள். பிறகு கப்பல் தண்ணீரில் இறங்கி, வேம்பு ஊறிப் பருத்து, திரியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மிச்ச வேலையைக் கடலே செய்து முடிக்கும்.

அந்தக் காலத்து வல்வெட்டித்துறைக் கப்பல்கள் அக்கியாப், இரங்கூன், காக்கிநாடா, நாகபட்டினம், தூத்துக்குடி என்று போய்வந்தன. வரும்போது அரிசி, ஓடு, தேக்கு. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனதும் கடல் வழியாகத்தான். எங்கள் ஊர்ச் செம்மண்ணில் விளைந்த இலை, எங்கள் ஊரவர் எவரும் ஏறாத தோணிகளில் ஏறியது. அரிசி ஏற்றிவரும் கப்பலுக்கு அன்னபூரணி என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம்! பர்மா அரிசி வந்து இறங்காவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு வருடம் முழுவதும் சோறு இல்லை.

இந்தக் கப்பல்களின் தலைவர் தண்டையல். அவர் எங்கே படித்தார்? சில வருடங்களுக்கு முன் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஒரு முதியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய பாட்டனார் கப்பலில் போனவர்.

"தம்பி, பொடியனைக் கொண்டுபோய் முதல் விடுறது அடுப்படியிலைதான். கப்பல் ஆடேக்கை உலை சரியாமல் சோறு வடிக்கப் பழகோணும். அதுக்குப் பிறகு கயிறு. அதுக்குப் பிறகு பாய். சுக்கானிலை கை வைக்க எத்தனை வருசமோ."

"எழுதி வைச்ச புத்தகம் ஏதும் இருந்ததே, ஐயா?"

"புத்தகமோ?" என்று சொல்லிவிட்டுக் கடலைக் கையால் காட்டினார்.

அந்தப் பதிலின் பெருமை எனக்குப் புரிந்தது. அதில் இருக்கும் இழப்பும் பிறகு புரிந்தது.

அந்த அறிவு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். சோழமண்டலக் கரை மாலுமிகளிடம் ராப்பலகை என்றொரு கருவி இருந்தது. சிறு மரப்பலகை, நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடிக்க வேண்டும். பலகையின் கீழ்விளிம்பு கடலும் வானும் தொடும் கோட்டில், மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தில். எந்த முடிச்சில் இரண்டும் பொருந்துகிறதோ அந்த முடிச்சுக்குரிய துறை கப்பல் நிற்கும் அதே அகலக்கோட்டில் இருக்கிறது. இதை இணுவில் முற்றத்திலேயே செய்து பார்க்கலாம். முகில் இல்லாத இரவில் கையை முழுவதும் நீட்டி முட்டியைப் பொத்தினால், அந்த முட்டியின் உயரம் ஏறத்தாழ 10 பாகை. யாழ்ப்பாணம் பூமத்திய கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருப்பதால் துருவ நட்சத்திரம் எங்கள் வடக்கு அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்தில் நிற்கும். குளொஸ்ரரில் அதே நட்சத்திரம் நான்கு முட்டிக்கும் கொஞ்சம் மேலே. அன்னபூரணி ஓடிய ஓட்டத்தை வானத்தில் அளந்தால் மூன்று முட்டிக்கு மேல்.

அன்னபூரணியை வாங்கியவர் வில்லியம் அல்பேட் ரொபின்சன். 1902இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் பிறந்தவர். அங்கே ஏரி உண்டு, கடல் இல்லை. படித்தது பொறியியல். கடலில் கப்பல் ஓட்டுவதைத் தன் விருப்பத்துக்காக, பெரும்பாலும் புத்தகங்களிலிருந்தும் சொந்தப் பயிற்சியிலிருந்தும் கற்றுக்கொண்டார். 1928 யூனில் 32 அடி நீளமுள்ள சிறு பாய்ப்படகில் நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 1931 நவம்பரில் திரும்பி வந்தார். உலகைச் சுற்றியவற்றில் அதுவரை ஆகச் சிறிய படகு அதுதான். படகின் பெயர் சுவாப். வடமொழியில் கனவு என்று பொருள். எங்கள் கரையோர வள்ளங்கள் பலவற்றைவிட அது கொஞ்சம்தான் நீளம் கூட.

அவர் பரம்பரை மாலுமி அல்லர், கடற்படைக்காரரும் அல்லர், சரக்கு ஏற்றிப் பிழைத்தவரும் அல்லர். மகிழ்ச்சிக்காகக் கடலேறியவர். ஆனால் மகிழ்ச்சிக்குப் போகிறோம் என்பதற்காக அவர் எதையும் குறைவாகக் கற்றுக்கொள்ளவில்லை. 1934இல் கலாபகோஸ் தீவுகளில் அவருக்குக் குடல்வால் வெடித்தது. பனாமாவிலிருந்து அமெரிக்க விமானங்களும் போர்க்கப்பலும் வந்து உயிரைக் காப்பாற்றின. ஆனால் சுவாப் கைவிட்டுப் போனது. எக்குவடோர் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதன்பின் பெரிய பாய்க்கப்பல் தேடிய கண்ணில் பட்டதுதான் வல்வெட்டித்துறை அன்னபூரணி. உலகத்துத் துறைகளையெல்லாம் பார்த்து வந்த ஒரு மனிதர், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எத்தனையோ கப்பல்கள் விலைக்கு இருக்க, எங்கள் கடற்கரை மணலில் கட்டிய வேப்பமரத்துக் கப்பலைத் தெரிந்தெடுத்தார். இதற்குமேல் ஒரு சான்றிதழ் வேண்டுமா?

கப்பலுக்குத் தன் மனைவியின் பெயரைச் சூட்டினார்: புளோரன்ஸ் சி. ரொபின்சன். பெயர் மாறினாலும் ஓட்டியவர்கள் மாறவில்லை. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் ஊரவர் நால்வரும் அதில் போனார்கள். கொழும்பு, ஏடன், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்ரர், பெர்முடா, குளொஸ்ரர்.

இந்தப் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஓட்டுவது வேறு. செங்கடலின் வடபாதியில் வருடம் முழுவதும் காற்று வடமேற்கிலிருந்தே வீசும். சூயஸுக்குப் போகிற கப்பலுக்கு அது நேர் எதிர்க்காற்று. சதுரப் பாய்க் கப்பல் பின்காற்றில் குதிரைபோல ஓடும், எதிர்க்காற்றில் அது முடவன். ஒருபக்கம் சரிந்து ஓடி, பாயை மாற்றி மறுபக்கம் சரிந்து ஓடி, நாள் முழுவதும் ஓடியும் முன்னேறியது கொஞ்சத் தூரம் என்று இருக்கும். இரு பக்கமும் பவளப் பாறை. ஜிப்ரால்ரரைக் கடந்தபின் அத்திலாந்திக் சமுத்திரத்தில் பாய்க்கப்பல்கள் வழக்கமாகத் தேடிப் போவது வடகிழக்கிலிருந்து மாறாமல் வீசும் ஒரு காற்றை. வடகிழக்கு! எங்கள் வாடையின் திசை அதுதான். வாடையில் பிறந்து வளர்ந்த ஐந்து பேருக்கு அந்தப் பெருங்கடலில் முதுகில் பட்ட அந்தக் காற்று எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

குளொஸ்ரர் மீன்பிடித் துறைமுகம். கடலில் இறந்த ஆயிரக்கணக்கான மீனவர்களுக்காக அங்கே 1925இல் ஒரு சிலை நிறுத்தியிருக்கிறார்கள். சுக்கானைப் பிடித்துக் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு மாலுமி. அந்த ஊருக்குக் கப்பல் புதிதல்ல, கடலின் கொடுமையும் புதிதல்ல. அவர்கள் முன்னால் யாழ்ப்பாணத்தார் வந்து இறங்கினார்கள். பொஸ்ரன் பத்திரிகையில் செய்தி வந்தது.

இந்த இடத்தில் என் மனம் இணுவிலுக்குத் திரும்பிவிடுகிறது. குளொஸ்ரருக்கு வடக்கே, அதே எசெக்ஸ் மாவட்டத்தில், நியூபெரிபோட் என்றொரு துறைமுகம் உண்டு. 1815 ஒக்ரோபர் 23ஆம் திகதி டிரையட் என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல் அங்கிருந்து புறப்பட்டு, அடுத்த ஆண்டு மார்ச்சில் கொழும்புக்கு வந்தது. அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது அந்தக் கப்பலில்தான். டானியல் பூவர் அதில் வந்தவர். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை, கடைசியில் 1898இல் எங்கள் இணுவிலில் மக்லியோட் பெண்கள் மருத்துவமனை. என் வயதுக்காரர் பலர் பிறந்தது அங்கேதான். எசெக்ஸ் கரையிலிருந்து ஒரு பாய்க்கப்பல் பள்ளிக்கூடத்தைக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 120 வருடங்கள் கழித்து எங்கள் கரையிலிருந்து ஒரு பாய்க்கப்பல் அதே எசெக்ஸ் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. வந்த கப்பல் கொண்டுவந்தவற்றுள் வானசாஸ்திரமும் ஒன்று. வட்டுக்கோட்டைச் செமினரியில் அதைப் பெரும் சிரத்தையோடு கற்பித்தார்கள். கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று பூவரும் அராலிப் பஞ்சாங்கக்காரரும் 1829இல் வாதாடிய கதை பிரபலமானது. ஆனால் தண்டையலின் நட்சத்திர அறிவு அந்த வகுப்பறைக்குள் ஒரு பாடமாக நுழையவில்லை. பள்ளிக்கூடமும் தீபகற்பத்தில் இருந்தது, கடலறிவும் தீபகற்பத்தில் இருந்தது. இரண்டையும் எவரும் ஒரே திண்ணையில் உட்காரவைக்கவில்லை.

அன்னபூரணி போய்ச் சேர்ந்த கரையில் அது நடந்தது. 1914 பெப்ரவரியில், பொஸ்ரன் படகுக் கழகத்தில், ரொஜர் அப்ரன் என்பவர் முன்நின்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். யுனைரெட் ஸ்ரேற்ஸ் பவர் ஸ்குவாட்ரன்ஸ் என்பது அதன் பெயர். அப்போதுதான் இயந்திரப் படகுகள் பெருகிய காலம். வசதியுள்ளவர்கள் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குப் போகத் தொடங்கினார்கள். பாய்ப்படகு பழகாதவனைத் தானே திருப்பி அனுப்பிவிடும். இயந்திரப் படகு அப்படியல்ல, ஒன்றும் தெரியாதவனையும் நடுக்கடலுக்குக் கொண்டுபோய் விடும். இந்த ஆபத்தைக் கண்டவர்கள் தாங்களே ஒருவருக்கொருவர் ஆசிரியரானார்கள். கடல்வரைபடம் வாசித்தல், திசைகாட்டி, முடிச்சு, வானிலை, எதிரே வரும் கலத்துக்கு எப்படி வழிவிடுவது. சம்பளமில்லாத ஆசிரியர், தேர்வு, சான்றிதழ். அன்னபூரணி போய்ச் சேர்ந்து பதினொரு மாதத்தில், 1939 யூன் 23இல், அமெரிக்க அரசும் ஒரு சட்டம் செய்து கரையோரக் காவல்படைக்குப் பொதுமக்களிலிருந்து ஒரு துணைப்படையை உருவாக்கியது. அதுவும் இன்றுவரை சாதாரண மக்களுக்குக் கடலறிவு வகுப்பு நடத்துகிறது.

ரொபின்சனும் தன் பங்குக்கு ஒன்று செய்தார். குளொஸ்ரருக்கு அருகில் இப்ஸ்விச் என்ற ஊரில் கப்பல் கட்டும் தளம் அமைத்து, 1938இல், அன்னபூரணி வந்த அதே ஆண்டில், பழைய அமெரிக்கப் போர்க்காலக் கப்பல் ஒன்றின் மாதிரியில் ஸ்விவ்ற் என்ற பாய்க்கப்பலைக் கட்டினார். சில காலம் ஹொலிவூட் நடிகர் ஜேம்ஸ் காக்னியின் கையில் இருந்தது. பிறகு லொஸ் ஏஞ்சலிஸ் கடல்சார் நிறுவனம் ஒன்றிடம் போய், நகரத்துப் பிள்ளைகளுக்குப் பாய்கட்டவும் சுக்கான் பிடிக்கவும் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து கயிறு இழுக்கவும் பழக்குகிற பயிற்சிக் கப்பலானது. அவர்களிடம் மாலுமி ஆகும் எண்ணம் இருக்கிறதா என்று எவரும் கேட்கவில்லை. பிள்ளைக்கு அது நல்லது என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் என்ன நடந்தது? இரண்டாம் உலகப் போர் வங்காள விரிகுடாவை மூடியது. 1948க்குப் பின் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் சுங்கமும் வந்தன. நூற்றாண்டுகளாகக் காலையில் போய் அடுத்த நாள் வந்த இந்தியக் கரை அயல்நாடாகியது. சரக்கு இல்லையென்றால் கப்பல் இல்லை. கப்பல் இல்லையென்றால் அடுப்படியில் விடப்படுகிற பொடியன் இல்லை. புத்தகம் இல்லாத பள்ளிக்கூடம் கப்பலோடு மூடப்பட்டது. அதன்மேல் உள்நாட்டுப் போர் வந்து, முப்பது வருடம் கடலே தடைசெய்யப்பட்ட இடமாகியது. ஒரு முழுத் தலைமுறை கரையில் நின்று பார்த்ததோடு சரி.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடலறிவு யாழ்ப்பாணத்தில் ஒரு சாதிக்குள், ஒரு கரைக்குள், சில குடும்பங்களுக்குள் இருந்தது. அதைக் கேட்டுப் படிக்க கரையிலிருந்து தள்ளியிருந்த எங்களைப் போன்றவர்கள் போகவில்லை. போகாததோடு நிற்கவில்லை, கடல்தொழிலைக் குறைவாகவும் நினைத்தோம். தோட்டக்காரன் தன்னை மேலே வைத்தான், உத்தியோகக்காரன் இன்னும் மேலே வைத்தான். விஸ்கொன்சின் பொறியியலாளர் ஒருவர் வல்வெட்டித்துறைத் தண்டையலின் அருமையைக் கண்டுகொண்டார். பன்னிரண்டு கட்டைக்கு அப்பால் இருந்த நாங்கள் கண்டுகொள்ளவில்லை. இது எங்கள் பிழை.

அந்தப் பிழைக்கு இப்போது விலை கொடுக்கிறோம். போர் முடிந்தபின் கடல் திறந்தது. இளைஞர் கையில் மோட்டார்சைக்கிள் வந்தது, தொலைபேசியில் படக்கருவி வந்தது. மண்டைதீவு, காரைநகர், நயினாதீவு, நெடுந்தீவு என்று விடுமுறைக்குப் போகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளும் வள்ளம் பிடித்துச் சவாரி போகிறார்கள். மகிழ்ச்சியான விஷயம், எனக்கு அதில் கோபமில்லை. ஆனால் 2017 ஓகஸ்ட் 28ஆம் திகதியை நான் மறக்கமாட்டேன். அன்று மண்டைதீவுக் கடலில் வள்ளம் கவிழ்ந்து ஆறு மாணவர்கள் இறந்தார்கள். பொழுதுபோக்கக் கடலுக்குப் போன பிள்ளைகள். யாழ்ப்பாண நகரிலிருந்து நின்று பார்த்தால் தெரிகிற தூரம். ஆழங்குறைந்த பரவைக் கடல் என்று எல்லோரும் நினைக்கிற இடம். பெற்றோரின் அழுகையை ஊர் முழுவதும் கேட்டது. சில நாள் பேசினோம். அதன்பின் பேச்சு ஓய்ந்தது.

எனக்கே நடந்ததையும் சொல்கிறேன். ஒரு திருவிழா நாளில் குடும்பத்தோடு தீவுக்கோயில் ஒன்றுக்கு வள்ளத்தில் போனோம். சோழகம் உரமாக வீசிய மத்தியானம். ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆட்கள். உயிர்காப்பு அங்கிகள் இருந்தன, ஆனால் ஒரு மூலையில் கட்டி வைத்தபடி. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவிழ்த்துத் தரும்படி கேட்க என் வாய் வரவில்லை. இத்தனை பேர் பேசாமல் இருக்க நான் மட்டும் பயந்தவனாகத் தெரிவேனோ என்ற வெட்கம். கரை சேர்ந்தோம். அந்த வெட்கம்தான் ஆட்களைக் கொல்கிறது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். அமெரிக்காவில் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் மூழ்கி இறப்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அங்கி அணியாதவர்கள் என்பது அந்நாட்டுக் கரையோரக் காவல்படை வருடாவருடம் சொல்லும் கணக்கு. அங்கி படகில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். படகு கவிழ்ந்தபின் தண்ணீருக்குள் அதைப் போட்டுக் கட்டுவது மிகக் கடினம்.

கடலேறப் போகிற ஒருவர் முதலில் கற்க வேண்டியவை அதிகமில்லை. புறப்படுமுன் எங்கே போகிறோம், எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது. எண்ணெயை மூன்று பங்காக்கி, போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மிச்சப் பங்கைத் தொடாமல் வைத்திருப்பது. காலையில் கண்ணாடியாக இருக்கிற கடல் சோழகக் காலத்தில் மத்தியானம் எப்படி மாறும் என்று அறிவது. வள்ளத்தில் எழுந்து நிற்காமல், எல்லோரும் ஒரே பக்கம் சாயாமல் இருப்பது. எல்லாவற்றையும் விட முக்கியம், கவிழ்ந்தால் கரை கிட்டத் தெரிகிறதே என்று நீந்தப் புறப்படாமல் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பது. கவிழ்ந்த வள்ளம் மிதக்கும், தேடி வருகிறவன் கண்ணில் படும். தனித்தலை படாது.

முடிச்சும் ஒன்று. கப்பல்காரரின் முதல் முடிச்சு, இறுகாத ஒரு கண்ணி. எவ்வளவு பாரம் இழுத்தாலும் கண்ணி சுருங்காது, வேலை முடிந்தபின் ஒரு தள்ளலில் அவிழும். தண்ணீரில் விழுந்தவனுக்கு எறிகிற கயிற்றில் இந்தக் கண்ணிதான் இருக்க வேண்டும். சுருக்குப் போட்டு எறிந்தால் இழுக்கும்போது நெஞ்சை நெரித்துவிடும். இணுவிலில் மாடு வளர்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். கன்றின் கழுத்தில் சுருக்குப் போடக் கூடாது, கன்று துள்ளினால் இறுகிச் செத்துப்போகும். அதனால் அப்பு இறுகாத கண்ணிதான் போடுவார். கயிற்றில் சிறு வளையம் ஒன்று, நுனியை அதன் கீழால் எடுத்து, நெடுங்கயிற்றைச் சுற்றி, மறுபடி அதே வளையத்துக்குள் இறக்கி இழுப்பார். கண் மூடித் திறக்கும் நேரம். கப்பலில் போடும் முடிச்சின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது என் விரல்கள் தாமாகவே அதைப் போட்டன.

ஆகவே இணுவில் பிள்ளைக்குக் கடல் அந்நியம் என்று எவரும் சொல்ல வேண்டாம். காற்றின் பெயர் அதற்குத் தெரியும், கண்ணி அதற்குத் தெரியும், துருவ நட்சத்திரம் அதன் முற்றத்தில் ஒரு முட்டி உயரத்தில் நிற்கிறது. இல்லாதவை வகுப்பும் நீந்தப் பழக ஒரு தடாகமும். ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வல்வெட்டித்துறையிலும் குருநகரிலும் மயிலிட்டியிலும் கடலில் நரைத்த மனிதர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களை மரியாதையோடு அழைத்து, மாலை போட்டு, எங்கள் பாடசாலை மண்டபத்தில் கதிரை போட்டு இருத்தி, சொல்லித் தாருங்கள் ஐயா என்று கேட்க வேண்டியவர்கள் நாங்கள். கோயில் மண்டபத்துக்கும் கோபுரத்துக்கும் அள்ளித் தருகிற வெளிநாட்டு உறவுகளே, பத்து உயிர்காப்பு அங்கிக்கும் ஒரு நீச்சல் ஆசிரியரின் சம்பளத்துக்கும் சேர்த்துத் தாருங்கள். அதிபர்மார்களே, வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். பிள்ளைகளைக் கடலுக்குப் போக விடாமல் தடுக்க எவராலும் இயலாது, தடுக்கவும் கூடாது. தெரிந்துகொண்டு போகட்டும்.

வைகாசியில் சோழகம் தொடங்கிவிடும். அதற்கு முன் முதல் வகுப்பை நடத்துவோம்.